ஊருக்கே ஒரு மிடறு

தேயிலை ருசி பார்க்கிற ரூபாவதி, வாயில் வைத்த விஸ்கியைத் துப்பாமல் விழுங்கிவிட்ட அந்தச் செவ்வாய்க்கிழமை முற்பகலில், பனிக்கல் ஊரில் இருந்த அத்தனை பேர் வாயிலும் அதே விஸ்கியின் ருசி வந்து உட்கார்ந்தது. பேருந்து நிலையத்தில் சீட்டுக் கிழித்துக்கொண்டிருந்த நடத்துநர் வாயிலும் வந்தது, சரிவில் கொழுந்து கிள்ளிக்கொண்டிருந்த பெண்கள் வாயிலும் வந்தது. ஏழாம் வாய்ப்பாட்டை ஒப்பித்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாதியில் நிறுத்திவிட்டு, ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து உதட்டை நக்கிக்கொண்டார்கள். பள்ளிவாசலில் தனியாக ஓதிக்கொண்டிருந்த ஹஜ்ரத் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். பல் முளைக்காத கைக்குழந்தைகள் முதலில் முகத்தைச் சுளித்து, பிறகு சிரித்தன. யாருக்கும் தலை சுற்றவில்லை, யார் காலும் தள்ளாடவில்லை. காவல் நிலையத்து ஏட்டு, குடித்துவிட்டு வண்டி ஓட்டுகிறவர்களைப் பிடிக்கிற கருவியை எடுத்துத் தானே ஊதிப் பார்த்தார், அது பூஜ்யம் காட்டியது. வந்தது ருசி மட்டும்தான். முதலில் இனித்தது, அப்புறம் நாக்கின் ஓரங்கள் கூசின, அப்புறம் தொண்டைக்குக் கீழே யாரோ கணப்பு மூட்டியதுபோலச் சூடு பரவியது, அந்தச் சூட்டின் மேல் பழமா மரமா என்று பிடிபடாத ஏதோ ஒன்று மதியச் சோற்று வேளை வரைக்கும் மெல்ல மெல்லத் தேய்ந்துகொண்டே இருந்தது.

நடந்தது இதுதான். பனிக்கல்லில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை உண்டு. அப்பா இறந்த பிறகு அதை எடுத்து நடத்துகிற நந்தகோபால் என்கிற கோயம்புத்தூர்க்காரருக்குப் புதுசு புதுசாக யோசனை வரும், வந்த யோசனையை அன்றைக்கே செய்து பார்க்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. ஸ்காட்லாந்து போய்த் திரும்பியவர் ஒரு புட்டியோடு வந்தார். அதை ரூபாவதியின் நீள மேஜை மேல், வெள்ளைக் கோப்பைகளின் வரிசைக்கு நடுவில் வைத்துவிட்டு, ஒரே ஆலையில் முளைகட்டிய வாற்கோதுமையிலிருந்து வடித்தது இது என்றும், பத்து வருஷம் ஓக் மரப் பீப்பாயில் தூங்கவிட்டு, அப்புறம் சிவப்பு ஒயின் இருந்து காலியான ஒரு பீப்பாய்க்கு மாற்றிக் கடைசி இரண்டு வருஷம் அதில் போட்டு வைத்தார்கள் என்றும், திராட்சை குடித்த மரம் தன்னிடம் மிச்சமிருந்ததை இதற்குக் கொடுத்திருக்கிறது என்றும் மூச்சுவிடாமல் சொன்னார். நம் தேயிலையையும் அப்படி ஒரு பீப்பாயில் போட்டு வைத்தால் என்ன என்பது அவர் யோசனை.

“இதுல தானியம் குடுத்தது எது, பீப்பாய் குடுத்தது எதுன்னு பிரிச்சுச் சொல்றதுக்கு உங்க நாக்கு ஒண்ணுதானுங்க இருக்குது, ரூபாக்கா.”

ரூபாவதி அதுவரை மதுவைத் தொட்டவளில்லை. மது மட்டுமா, அந்த வேலையில் சேர்ந்த நாளிலிருந்து வெங்காயம் கிடையாது, பூண்டு கிடையாது, ஊறுகாய் கிடையாது, வெற்றிலை கிடையாது. நாக்கைக் கோயில் விக்கிரகம்போலத் துடைத்துத் துடைத்து வைத்திருந்தாள். தினமும் வரிசையாகக் கோப்பைகள், கரண்டியில் எடுத்துச் சர்ரென்று உறிஞ்சுவாள், வாய்க்குள் ஒரு சுற்றுச் சுற்றுவாள், கால்மாட்டில் இருக்கிற பித்தளைப் படிக்கத்தில் துப்புவாள், இன்ன சரிவு, இன்ன மழை, இன்ன வாட்டம் என்று சொல்லுவாள். இதுவும் அப்படி ஒரு வேலைதானே என்று நினைத்து, கோப்பையில் கொஞ்சம் ஊற்றினாள். சாயும் வெயில் பட்ட செங்கல்லின் நிறம். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், கரண்டியால் எடுத்தாள், உறிஞ்சினாள். வாய்க்குள் அது ஒரு சுற்றுச் சுற்றியது. படிக்கம் முழங்காலுக்குப் பக்கத்திலேயே இருந்தும் அவள் குனியவில்லை. பிற்பாடு ஊரே கூடிக் கேட்டபோதும் அதற்கு அவள் சொன்ன காரணம் ஒன்றுதான், துப்புவதற்கு மனசு வரவில்லை. அவள் விழுங்கிய அதே நொடியில், எதிரே சும்மா நின்றுகொண்டிருந்த நந்தகோபால் தன் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

மதியத்துக்குள் ஊர் காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டது. தொழிற்சாலையிலிருந்து செய்தி சரிவில் இறங்க எவ்வளவு நேரம் ஆகும். காரணம் தெரிந்த பிறகு அதில் ஒருவருக்கும் ஆச்சரியம் இருக்கவில்லை, அத்தனை வருஷம் ருசியைத் துப்பிக்கொண்டே இருந்தால் ஒரு நாள் இப்படித்தான் ஆகும் என்று சொல்லிவிட்டு, எந்த ருசி என்பதைப் பற்றிச் சண்டை போடப் போய்விட்டார்கள். தேன் என்றது ஒரு கட்சி. தேனில் ஊறிய அத்திப்பழம் என்றது இன்னொன்று. பேக்கரி மாஸ்டர் கிறிஸ்துமஸ் கேக்குக்குப் போடக் கருக்கிய சர்க்கரை என்று அடித்துச் சொன்னார். கொழுந்து கிள்ளுகிற பெண்களோ, மழை நின்ற மறுநாள் வெட்டிப்போட்ட மரத்தில் சாய்ந்து உட்கார்ந்தால் வருகிற வாசனைதான் ருசியாக மாறியிருக்கிறது, இதுகூடத் தெரியவில்லையா என்றார்கள்.

ரூபாவதி மட்டும் பயந்துகொண்டே வீட்டுக்குப் போனாள். தொழிற்சாலைக் குடியிருப்பின் கடைசி வீடு அவளுடையது. அங்கே அவள் கணவர் சங்கிலிமுத்து ஜன்னலோரம் நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பனிக்கல்லுக்கும் கம்பத்துக்கும் நடுவில் நெடுந்தூரப் பேருந்து ஓட்டியவர். வழியில் உள்ள ஒவ்வோர் ஊரையும் அந்த ஊர்ச் சாப்பாட்டால் அடையாளம் வைத்திருந்தவர். அவர் தொண்டையில் கட்டி வந்தது, அறுத்தார்கள், அதற்கப்புறம் அவர் வாய் வழியாக ஒரு பருக்கையும் உள்ளே போகவில்லை. வயிற்றில் போட்ட குழாய் வழியாகக் கஞ்சியும் மருந்தும் போயின. குரல் காற்றாகத்தான் வந்தது, காதைப் பக்கத்தில் கொண்டுபோனால் ரூபாவதிக்கு மட்டும் விளங்கும். அன்றிலிருந்து அவள் தன் சோற்றைச் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு, நின்றபடி, சத்தம் கேட்காமல் தின்று வந்தாள்.

அன்றைக்கு அவள் செருப்பைக் கழற்றும் முன்பே அவர் கையை நீட்டிக் கூப்பிட்டார். அவள் காதைக் கொண்டுபோனாள்.

“ரூபா, இன்னைக்கு நான் பழனி வரைக்கும் போய்ட்டு வந்தேன்.”

என்னங்க சொல்றீங்க என்று கேட்டாள். பஞ்சாமிர்தம், என்றார். அடிவாரத்துக் கடையில் வாழையிலைத் துண்டில் வைத்துக் கொடுப்பார்களே, கொஞ்சம் புளித்தும் புளிக்காமலும், அதேதான் என்றார். சொல்லும்போது அவர் கன்னம் இரண்டும் உள்ளே ஒடுங்கி ஒடுங்கி எழுந்தன, குழந்தை பால் குடிக்கிற மாதிரி.

ரூபாவதி ஓடிப்போய்ப் பக்கத்து வீட்டில் ஒரு துண்டு மாங்காய் ஊறுகாய் வாங்கிவந்து, அவர் எதிரிலேயே நின்று வாயில் போட்டு மென்றாள். அவ்வளவு வருஷத்துக்குப் பிறகு பட்ட காரத்தில் அவள் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது. அவர் ஆவலோடு பார்த்துக்கொண்டிருந்தார், அப்புறம் தலையை ஆட்டினார். அவருக்கு ஒன்றும் வரவில்லை. கருப்பட்டி தின்று பார்த்தாள், கருவாடு தின்று பார்த்தாள், ஒன்றும் வரவில்லை. அந்தப் புட்டியில் இருப்பது மட்டும்தான் அவரிடம் போகும் என்று தெரிந்தது. ஆனால் அவள் எதிரே நின்று தின்றதை அவர் ரசித்துப் பார்த்தார் என்பதும் தெரிந்தது. அன்று இரவிலிருந்து அவள் அவர் முன்னால் உட்கார்ந்து சாப்பிட்டாள்.

மறுநாளே ஊர்க்கூட்டம் போட்டார்கள். போடச் சொன்னவர் ஜெபமணி. பனிக்கல்லில் இருந்த மதுக்கடையின் முன்னால் பெண்களைத் திரட்டி, மழையில் நனைந்தபடி ரோட்டில் உட்கார்ந்து அதை மூடவைத்தவர் அவர்தான். அவர் கணவர் செல்லையா தொழிற்சாலையில் கொதிகலன் பார்த்தவர், குடித்துக் குடித்தே போய்ச் சேர்ந்தவர். சமுதாயக் கூடத்தில் நிற்க இடமில்லாமல் கூட்டம் நெருக்கிக்கொண்டிருக்க, ஜெபமணி எழுந்து நின்று சத்தம் போடாமல்தான் பேசினார்.

“கடையை மூடினோம். இப்ப கடையே வேண்டாம்னு நேரா வாய்க்குள்ள வருது. என் பேரப்பிள்ளை வாயில வந்துருக்கு. என் வாயை யாரு கேட்டது?”

நியாயம் என்று ஹஜ்ரத்தும் சொன்னார், பாதிரியாரும் சொன்னார். வந்தது ருசிதானே, மது ஒரு சொட்டும் தொண்டைக்குக் கீழே போகவில்லையே, அப்புறம் எப்படிப் பாவமாகும் என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டதற்கு ஹஜ்ரத், அந்தக் கணக்கெல்லாம் எனக்கும் தெரியும், ஆனாலும் என் வாய்க்கு நான்தானே வாசல்காவல் என்று பதில் சொன்னார். ரூபாவதி எழுந்து, ஜெபமணியக்கா சொல்வது சரி, இனி அதைத் தொடமாட்டேன் என்று சொல்லி உட்கார்ந்தாள். வீட்டு ஜன்னலோரம் ஒடுங்கி எழுந்த அந்தக் கன்னங்களைப் பற்றி அவள் யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் வாசல் பக்கம் கூட்டம் விலகியது. சங்கிலிமுத்து சால்வையைப் போர்த்திக்கொண்டு, குழாயை அதற்குள் மறைத்துக்கொண்டு, குடியிருப்பிலிருந்து தானே நடந்து வந்திருந்தார். கட்டி வந்த பிறகு அவர் வீட்டைவிட்டு இறங்கியதை யாரும் பார்த்ததில்லை. அவர் பேச ஆரம்பித்ததும், காற்றில் கரைந்துபோகிற அந்தக் குரலைப் பிடிப்பதற்காகக் கூடமே மூச்சைப் பிடித்துக்கொண்டது, முன்வரிசை கேட்டதைப் பின்வரிசைக்குக் கைமாற்றியது. அவர் எதையும் கேட்கவில்லை. நேற்று எப்படிப் போனார் என்பதை மட்டும் சொன்னார். முதலில் பழனி, பஞ்சாமிர்தம். அங்கேயிருந்து நேராக ஒட்டன்சத்திரம் சந்தை, மழையில் நனைந்த லாரிப் பலகையும் அதில் நசுங்கிய பழமும். பிறகு ஒரு பெரிய வளைவு, எந்த ஊர் என்று தெரியவில்லை, இருட்டாக இருந்தது, காரமாக மிளகு போல ஏதோ பட்டது. அதற்கப்புறம் ஏதோ ஒரு சிவப்புப் பழம் வரப்போகிறது என்று தெரிந்தபோது ருசி தேய்ந்துவிட்டது. அது எந்த ஊர் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, பக்கத்திலிருந்தவர் தோளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்.

கூடத்தில் எல்லோரும் தங்கள் வாய்க்குள் நேற்றைய ருசியைத் தேடிக்கொண்டிருந்தார்கள். பேக்கரி மாஸ்டர் ஆமாம், லாரிப் பலகைதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

ஜெபமணி சங்கிலிமுத்துவின் பக்கம் திரும்பினார். அப்புறம், செய்வதானால் சொல்லிவிட்டுச் செய்யட்டும் என்றார். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு, தொழிற்சாலைச் சங்கை ஊதிவிட்டு. வேண்டாதவர்கள் வாயில் எதையாவது அடக்கிக்கொள்ளட்டும், பிள்ளைகளுக்குத் தாய்மார் பார்த்துக்கொள்ளட்டும். எதை அடக்கினால் தடுக்கும் என்று முதல் ஞாயிற்றுக்கிழமையே ஊர் கண்டுபிடித்தது. வெல்லம் தடுக்கவில்லை, சீரகம் தடுக்கவில்லை, ஒரே ஒரு கிராம்பைக் கடைவாயில் வைத்தால் ருசி வாசலோடு திரும்பிப் போனது. அதற்கப்புறம் பனிக்கல்லின் மளிகைக் கடைகளில் ஞாயிற்றுக்கிழமை காலையில் கிராம்பு கிடைப்பது கஷ்டமாகிவிட்டது. ஹஜ்ரத்துக்கு ஒன்று, பாதிரியாருக்கு ஒன்று, பிள்ளைகளுக்குக் கிராம்பைக் கற்கண்டோடு சேர்த்து ஒன்று. ஜெபமணிக்கு இரண்டு.

நந்தகோபால் புட்டியைத் தூக்கி ரூபாவதி கையில் கொடுத்து, இது உங்களுதுங்கக்கா என்றார். பீப்பாய்த் தேயிலை யோசனை அவருக்கு மறந்தே போயிற்று. ஞாயிற்றுக்கிழமைகளில் முதல் ஆளாக அவர்தான் வாயைக் கொப்பளித்துவிட்டுக் குடியிருப்புச் சாலையில் வந்து நின்றார்.

அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றிப் பனிக்கல்லில் யாரிடம் கேட்டாலும் இப்போதும் எழுந்து நின்றுதான் சொல்வார்கள். தொழிற்சாலைச் சங்கு ஊதும், ஊர் முழுக்கப் பேச்சு நிற்கும், அடுப்பிலிருப்பதை இறக்குவார்கள், வானொலியை அணைப்பார்கள், ரூபாவதி ஜன்னலோரம் கணவரின் எதிரில் உட்கார்ந்து அரைக் கரண்டி எடுத்து உறிஞ்சுவாள், அப்படியே மொத்த ஊரும் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு கண்ணை மூடும். சங்கிலிமுத்து அவள் காதில் சொல்வார். அவள் ஜன்னலுக்கு வெளியே சொல்வாள். சாலையில் நிற்கிறவர்கள் அதைத் தெருத்தெருவாகக் கொண்டுபோவார்கள். பொள்ளாச்சி, முற்றின தேங்காய். பொள்ளாச்சி, முற்றின தேங்காய். ஒரு ஞாயிறு நந்தகோபால் சொன்ன யோசனைப்படி நாலு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், ருசி பூட்டு உடைந்த பெட்டி மாதிரி திறந்துகொண்டது. ஊருக்குள்ளிருந்து ஓவென்று ஒரு சத்தம் எழுந்து எதிர்மலையில் மோதித் திரும்பியது. சங்கிலிமுத்து நாற்காலியின் கைப்பிடியைத் தட்டினார். இவ்வளவு நாள் தேடிய சிவப்புப் பழம் கிடைத்துவிட்டது. கம்பம். பன்னீர் திராட்சை, பந்தலுக்குக் கீழே குனிந்து பறித்தது, தோல் தடித்தது, விதை கடிபட்டால் துவர்க்கும். ஸ்காட்லாந்துக்காரன் அதை எந்த ஊர்த் திராட்சையிலிருந்து எடுத்தானோ தெரியாது, எங்கள் திராட்சை கம்பம்தான் என்று பனிக்கல் முடிவு செய்துவிட்டது.

வெளியூர்களிலிருந்து ஆட்கள் வந்தார்கள். மேல்மலையிலிருந்து வருகிற பேருந்து, நாலு மணிக்குக் கடைசிக் கொண்டை ஊசி வளைவைத் தாண்டிவிட்டால் பயணிகள் வாயில் ருசி வரும், அதற்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டால் வராது, அதனால் ஓட்டுநர்கள் அந்த வளைவை முன்கூட்டியே பிடித்துவிட்டு வண்டியை ஓரங்கட்டினார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் சத்துணவுச் சாம்பாருக்கு ஊர்ப்பெயர் வைத்தார்கள். குழம்பில் உப்புக் கூடினால் மட்டுமே வாயைத் திறக்கிற ஆண்கள், தாளித்தபோது எதை முதலில் போட்டாய் என்று மனைவியிடம் கேட்க ஆரம்பித்தார்கள். சங்கிலிமுத்துவை மாதாந்திரப் பரிசோதனைக்குக் கூட்டிப்போனபோது எடை கூடியிருந்தது. கஞ்சியில் என்ன சேர்த்தீர்கள் என்று மருத்துவர் கேட்டார், ஒன்றும் சேர்க்கவில்லை என்று ரூபாவதி உண்மையைத்தான் சொன்னாள்.

புட்டி குறைந்துகொண்டே வந்தது. நந்தகோபால் அதே பெயர், அதே வருஷம், அதே ஆலை என்று தேடி இன்னொன்று வரவழைத்தார். ஊர் கூடி நிற்க ரூபாவதி அதைத் திறந்து உறிஞ்சி விழுங்கினாள். நல்ல விஸ்கிதான். அவள் வாயில் மட்டும் இருந்தது. அது வேறு பீப்பாயில் கிடந்தது என்று அப்புறம் தெரிந்தது. நந்தகோபால் சாலையோரம் கல்லில் உட்கார்ந்து அழுதேவிட்டார், ரூபாவதிதான் போய், விடுங்க தம்பி, பழைய புட்டில ரெண்டு மிடறு இன்னும் இருக்கு என்று தேற்றினாள்.

கடைசி மிடறுக்கு வந்த ஞாயிற்றுக்கிழமை, பிள்ளைகளுக்கு வாங்கியது போக, ஊரில் கிராம்பு விற்கவில்லை. ஹஜ்ரத் மட்டும் வாங்கினார். பாதிரியார் வாங்கவில்லை, ஏன் என்று யாரும் கேட்கவில்லை. சங்கு ஊதுவதற்குக் கொஞ்சம் முன்னால் ஜெபமணி குடியிருப்புச் சாலையில் ஏறி வந்தார், நின்ற கூட்டத்தைத் தாண்டினார், ரூபாவதியின் வீட்டுக்குள் போய் சங்கிலிமுத்துவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். வாயைத் திறந்து காட்டினார். கிராம்பு இல்லை.

“இருபது வருஷம் இந்த வாசனையோட படுத்து எந்திரிச்சவ நான். அந்த மனுஷன் எங்களையெல்லாம் விட்டுட்டு எதுக்குப் பின்னால போனாருன்னு ஒரே ஒரு தடவை தெரிஞ்சுக்கணும்.”

சங்கு ஊதியது. ரூபாவதி கடைசி மிடறை எடுத்தாள். கரண்டி கோப்பையில் பட்டுக் கிணுகிணுத்தது. உறிஞ்சினாள், விழுங்கினாள். ஆலைப்புகை வந்தது, பழனி வந்தது, சந்தை வந்தது, கம்பம் வந்தது. ஜெபமணி கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொன்றையும் நிறுத்தி வைத்து முகத்தைப் பார்க்கிறவர் மாதிரி ருசித்தார். அப்புறம் தலையை ஆட்டினார்.

“இது இல்ல. அவரு குடிச்சது இது இல்ல.”

அவர் முகம் கோணியது. இவ்வளவு தூரம் வந்தும் கிடைக்கவில்லை என்கிற கோபம் அதில் இருந்தது. அப்போது சங்கிலிமுத்து ரூபாவதியைக் கையைக் காட்டிக் கூப்பிட்டு, வெகுநேரம் காதில் பேசினார். ரூபாவதி கேட்டு முடித்ததும் ஜெபமணியின் எதிரில் தரையில் உட்கார்ந்து, அவர் சொன்னதைச் சொன்னதுபோலவே சொன்னாள். நெடுந்தூர வண்டிக்கு மாறும் முன் சங்கிலிமுத்து உள்ளூர் வண்டி ஓட்டிய காலத்தில், ஊரில் மதுக்கடை வரும் முன், கீழே அடிவாரத்துக்குப் போய்க் குடித்துவிட்டுச் செல்லையா கடைசிப் பேருந்தில்தான் ஏறுவாராம். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால்தான் உட்காருவாராம். ஒரு நாளும் யாரோடும் வம்பு கிடையாது. வளைவுக்கு வளைவு மெதுவாக ஒரு பாட்டுப் பாடிக்கொண்டே வருவாராம், எப்போதும் ஒரே பாட்டு, வேறு எங்கேயும் கேட்டிராத பாட்டு.

என்ன பாட்டு என்று ஜெபமணி கேட்டார்.

சங்கிலிமுத்து நாற்காலியின் கைப்பிடியில் விரலால் தாளம் தட்டினார். உதடு அசைந்தது. ரூபாவதி காதை வைத்துக் கேட்டு, ராகம் தெரியாமல், சொல்லை மட்டும் எடுத்துக் கொடுத்தாள்.

“பனி எறங்கும் நேரமாச்சு பசுங்கொழுந்தே கண்ணுறங்கு, நாலாம் நம்பர் காட்டுக்குள்ள நரி போயாச்சு கண்ணுறங்கு.”

அது ஜெபமணி தன் மூத்த மகளுக்காகத் தானே கட்டிய தாலாட்டு. வெளியே எங்கேயும் பாடியதில்லை. தோட்டத்து வரிசை வீடான லயத்தின் ஒற்றை அறையில், சுவரைப் பார்த்து முதுகைக் காட்டிக் கிடக்கிற மனிதருக்குச் சுயநினைவே இல்லை என்று நினைத்துக்கொண்டு, பிள்ளைக்கு மட்டும் கேட்கிற குரலில் பாடியது.

“கேட்டுட்டுத்தான் படுத்துருந்தாரா?” என்றார்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, முதுகை நிமிர்த்தி உட்கார்ந்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து பாட ஆரம்பித்தார். ஜன்னல் திறந்திருந்தது. சாலையில் நின்றவர்களுக்குக் கேட்டது, அதற்குக் கீழே நின்றவர்களுக்கு அவர்கள் சொன்னார்கள். வாய் நிறையத் திராட்சையும் புகையுமாக நின்ற பனிக்கல்லில் அன்று ஒருவரும் எச்சில் விழுங்கவில்லை, அந்தப் பாட்டு முடிகிற வரைக்கும் ருசியும் இறங்கிப் போகவில்லை.